இரண்டு கையும் சமமாக விழுந்த வால்ட்

1. ஓடுபாதையில் கேபிள்

"இந்த வயர் இன்னும் ஒரு நிமிடம் இங்கே கிடந்தால் நீங்களும் உங்கள் பெட்டிகளும் வெளியே."

ஜிம்னாஸ்டிக்ஸ் மண்டபம் ஒன்றுக்குள் நான் கேட்ட முதல் வாசகம் இது. சொன்னவர் மோரீன், அந்தக் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர். அவர் ஆங்கிலத்தில் சொன்னவற்றை இந்தக் குறிப்பில் தமிழில் எழுதுகிறேன். சொன்ன தொனியை எழுத முடியாது.

கிளப் நகரின் கிழக்கே, பிளேஸ்டோவில் இருந்தது. ஒரு பழைய கிடங்கை மாற்றி மண்டபமாக்கியிருந்தார்கள். பல்கலைக்கழகமொன்றின் விளையாட்டுப் பொறியியல் ஆய்வுகூடத்தில் நான் கருவித் தொழில்நுட்பவியலாளனாகச் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அதற்கு முன் அதே நகரின் வடக்கே, எட்மண்டனில், லொறிகளை அப்படியே ஏற்றி நிறுக்கும் தராசுகளைச் சரிபார்க்கும் கம்பனியில் பல வருடங்கள் வேலை செய்தேன். கம்பனியை மூடிவிட்டார்கள். லொறித் தராசின் அடியில் இருப்பதும் லோட் செல்தான், ஜிம்னாஸ்டிக்ஸ் மேசையின் அடியில் வைக்க வேண்டியதும் லோட் செல்தான். மேலே பாரம் ஏறும்போது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும் ஓர் உலோகத் துண்டு அது. அந்த வளைவை அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் மின்சார அளவாக மாற்றிக் கொடுக்கும். இந்த வேலை தெரிந்த ஆள் என்றுதான் என்னை எடுத்தார்கள்.

ஆய்வு வால்ட் என்ற பிரிவைப் பற்றியது. ஜிம்னாஸ்ட் நீண்ட ஓடுபாதையில் முழு வேகத்தில் ஓடி வந்து, ஸ்பிரிங் பலகையில் குதித்து, மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி, அந்த உந்தலில் காற்றில் புரண்டு அந்தப் பக்கம் இறங்குவார். மேசையில் கை ஊன்றும் நேரம் கண் இமைப்பதைவிடக் குறைவு. அந்த நேரத்துக்குள் மணிக்கட்டு எவ்வளவு விசையை வாங்குகிறது, அதைக் குறைக்கிற மாதிரி மேசையின் மெத்தையை வேறு விதமாகச் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி.

லொறித் தராசின் மேல் ஒருவரும் ஓடுவதில்லை. அதனால் கேபிளை ஓடுபாதையின் குறுக்கே இழுத்து, மேலே நன்றாக டேப் ஒட்டினால் போதும் என்று நினைத்தேன். முதலாவதாக ஓடி வந்த பெண் கடைசி அடியில் அதைக் கண்டு தயங்கிப் பலகையில் முழங்கால் அடிபட விழுந்தாள். காயம் ஒன்றுமில்லை. மோரீன் வந்தார்.

நான் மன்னிப்புக் கேட்டு, டேப்பின் தரத்தை விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை.

"நேசன், சப்பாத்தைக் கழற்றுங்கள்."

"ஏன்?"

"ஓடிப் பாருங்கள். அந்த முனையிலிருந்து. மேசையைத் தொடத் தேவையில்லை. ஓடினால் மட்டும் போதும்."

ஐம்பது வயது தாண்டிய மனிதன், காலுறையோடு, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க ஓடினேன். பாதி தூரத்திலேயே விளங்கிவிட்டது. மேசை ஒரு சுவர் மாதிரி முன்னால் வருகிறது. கண் அதை விட்டு அகலாது. காலடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க மனதில் இடமே இல்லை. மூச்சு வாங்கத் திரும்பி நடந்து வந்தேன். நான் கேபிளைச் சுற்றி எடுத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்குத் திரும்பினேன். அடுத்த முறை அளவுகளை வயர் இல்லாமல் அனுப்பும் கருவியோடு போனேன்.

2. இரண்டு மலைகள்

மேசையின் மெத்தைக்கு அடியில் இரண்டு தட்டுகள் பொருத்தினோம். இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. ஒவ்வொரு வால்ட்டுக்கும் கொம்பியூட்டர் திரையில் இரண்டு கோடுகள் எழும்பி இறங்கும், அருகருகே நிற்கும் இரண்டு மலைகள் மாதிரி. நேரான வால்ட் என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும்.

தொடக்கத்தில் ஒழுங்கான அளவீடு ஒன்றும் கிடைக்கவில்லை. ஜிம்னாஸ்டுகள் கை வழுக்காமல் இருக்கப் பூசும் சோக்குத் தூள் இணைப்பிகளுக்குள் போய், கோடுகள் நடுங்கின. சிலிக்கோன் பூசி அடைத்த பிறகு சரியாகின. இதைக் குறித்துவைப்பது இனி இந்த வேலைக்கு வருபவர்களுக்காக. தூளைத் துடைத்து ஒழிக்க முயலாதீர்கள். மூடி அடையுங்கள்.

ஆய்வின் தலைவர் டொக்டர் வித்யா. கோயம்புத்தூர்க்காரர், என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. அவரும் நானும் தமிழில்தான் பேசிக்கொள்வோம். அவர் ஆரம்பத்திலேயே ஒரு விதியை வைத்திருந்தார். ஜிம்னாஸ்டுகளின் பெயர் எங்கேயும் வராது, எண் மட்டுமே. தனி ஒருவருடைய அளவீட்டைப் பயிற்சியாளருக்குக் காட்டுவதில்லை.

"இத காட்டினா அடுத்த வாரமே டீம் செலக்ஷனுக்கு யூஸ் பண்ணுவாங்க" என்றார். "அப்புறம் ஒரு பொண்ணும் நமக்காக இயல்பா ஓடாது."

மோரீன் அதற்கு உடன்பட்டுக் கையெழுத்து வைத்திருந்தார். அவர் பக்கத்தில் வந்தால் நான் மடிகணினியை மூடிவிடுவேன். அதை அவர் விரும்பவில்லை என்பது முகத்தில் தெரியும்.

அந்தக் குழுவில் ஒரே ஒரு தமிழ்ப் பிள்ளை, ஆரணி. பதினாறு வயது. நான் வித்யாவோடு போனில் கதைப்பதைக் கேட்டுவிட்டுக் கிட்ட வந்து, "அங்கிள், யூ ஸ்பீக் டமில்?" என்றாள். ஓம் என்றேன். அதன்பிறகு அவள் ஆங்கிலத்தில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்லுவேன். கோபம் வந்தாலோ அவசரமென்றாலோ மட்டும் அவளுக்கும் தமிழ் வரும், வீட்டில் கேட்டுப் பழகிய யாழ்ப்பாணத் தமிழ். அவளுடைய தாய் வதனி ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை செய்தார். மகளின் பயிற்சிக்காகவே ஷிப்டை மாற்றி எடுத்துக்கொண்டு, வேலை முடிந்த கையோடு வந்து அவளை ஏற்றிப் போவார்.

பிராந்திய அணிக்கான தேர்வு கிட்ட வந்துகொண்டிருந்தது. அந்தக் கிளப்பிலிருந்து தெரிவாகக்கூடியவர்களில் ஆரணியும் ஒருத்தி என்று எல்லோரும் சொன்னார்கள்.

3. இடது தட்டு

தேர்வுக்கு இரண்டு மூன்று வாரங்கள் இருக்கும்போது, ஒரு எண்ணுக்கு மட்டும் இடது மலை தாழத் தொடங்கியது. முதலில் கொஞ்சம். அடுத்த பயிற்சியில் அதைவிட அதிகம்.

ஒரு பக்க அளவு குறைந்தால் ஆளைச் சந்தேகிப்பதற்கு முன் கருவியைச் சந்தேகிக்க வேண்டும். தராசுக் கம்பனியில் முதலில் பழகியது அது. இரண்டு தட்டுகளிலும் ஒரே எடையை வைத்துப் பார்த்தேன். ஒரே அளவைக் காட்டின. பிறகு இடது தட்டைக் கழற்றி வலது பக்கத்திலும், வலதை இடதிலும் பொருத்தினேன். பழுது தட்டில் இருந்தால் தாழ்ந்த மலை மற்றப் பக்கத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இடது பக்கமாகவே இருந்தது. மற்றப் பிள்ளைகளின் மலைகள் முன்பு போலவே சமமாக நின்றன.

எண்தான் இருந்தது, பெயர் இல்லை. ஆனால் யார் எந்த வரிசையில் ஓடுகிறார்கள் என்பதை நான் மண்டபத்திலேயே நின்று பார்க்கிறவன். ஆரணிதான்.

வித்யாவிடம் போய்ச் சொன்னேன். அவர் வரைபுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"உடம்பத் திருப்புற வால்ட் பழகிட்டு இருந்தா ஒரு கை முன்னாடி விழும். இப்படி வரலாம்."

"வீடியோவைப் பார்த்திட்டன். எல்லாம் நேரான வால்ட்தான். அந்தப் பிள்ளைக்குக் கை நோகுது."

"அது உங்க ஊகம் நேசன். வலிய அளக்குற சேனல் நம்ம கருவியில இல்ல."

"இல்லைத்தான். ஆனால் வாற கிழமையும் நான் இதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிக்க ஏலாது."

வித்யா வரைபுகளைத் திரும்பவும் பார்த்தார். கல்மனம் கொண்டவர் அல்லர். விதியை அவர் வைத்ததே அந்தப் பிள்ளைகளுக்காகத்தான். மோரீனிடம் போனால் ஆரணி தேர்விலிருந்து விலக்கப்படலாம், அதுவும் ஓர் ஊகத்தை வைத்து. கடைசியில், "பயிற்சியாளர்கிட்ட போக வேண்டாம். அந்தப் பொண்ணோட டேட்டா, அந்தப் பொண்ணுக்குச் சொல்லலாம். அவகிட்ட மட்டும் சொல்லுங்க. அவ என்ன சொல்றான்னு பாப்போம்" என்றார்.

அடுத்த பயிற்சி நாளில், பிள்ளைகள் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்போது, ஆரணியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

"இது உன்ர கை. இடக்கை குறையப் போடுது. நோகுதோ?"

அவள் திரையையே பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"நோ அங்கிள். ஐ ஆம் ஃபைன். யுவர் மெஷின் இஸ் ராங்."

"மெஷினைச் சரிபார்த்திட்டன்."

"தென் செக் அகெய்ன். ஐ ஹாவ் டு வால்ட் டுடே எனிவே. வாட்ச்."

அது அன்றைய பயிற்சியில் ஏற்கெனவே இருந்த வால்ட்தான். ஓடினாள். மலைகள் இரண்டும் சமமாக எழுந்தன. இறங்கி வந்து என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அடுத்த வால்ட்டும் அப்படியே. அதற்கடுத்தது அதைவிடச் சமம். இந்த ஆய்வு முழுவதிலும் அவ்வளவு சுத்தமான வரைபை நான் பார்த்ததில்லை. பாடப்புத்தகத்தில் போடலாம். மோரீன் தூரத்திலிருந்து கைதட்டினார்.

வித்யாவுக்குப் போன் எடுத்தேன். "சமமா வந்துடுச்சா? அப்ப முன்னாடி வந்தது ஏதோ டெக்னிக் விஷயமா இருக்கும். விடுங்க" என்றார். கருவிகளைப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினேன்.

4. ஜாக்கெட்

வாசல் பக்கத்தில் பெற்றோர் காத்திருக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வழியால் போனபோது ஆரணி தனியாக நின்றாள். ஜாக்கெட்டின் ஸிப்பைப் பூட்டிக்கொண்டிருந்தாள். ஸிப்பைப் பூட்ட இரண்டு கை வேண்டும். ஒன்று கீழ் நுனியைப் பிடிக்க, மற்றது இழுக்க. அவள் ஜாக்கெட்டின் கீழ் நுனியை இடுப்பால் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் இழுத்தாள். வரவில்லை. திரும்ப முயன்றாள். இடது கை அவள் வயிற்றோடு ஒட்டி மடங்கியிருந்தது. அதை அவள் ஒரு தடவையும் எடுக்கவில்லை.

நான் சத்தம் போடாமல் பின்னால் வந்து, மண்டபத்தின் மற்ற மூலையில் நின்று திரும்பவும் வித்யாவைக் கூப்பிட்டேன். பார்த்ததைச் சொன்னேன்.

வித்யா முழுவதையும் கேட்டார்.

"நேசன், இது டேட்டா இல்ல. நீங்க கண்ணால பாத்தது. அதுக்கு என் அனுமதி வேண்டாம். போய்ச் செய்யுங்க."

அறைக்குப் போனேன். ஸிப் திறந்தபடியே இருக்க, அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆரணி, இடக்கையை நீட்டு."

அவள் அசையவில்லை. நான் எங்கே பார்த்துக்கொண்டு பேசுகிறேன் என்று பார்த்தாள், ஸிப்பைப் பார்த்தாள். முகம் மாறியது. அப்போது வந்தது தமிழ்.

"அங்கிள், ப்ளீஸ். கோச்சிட்டச் சொல்லாதேங்கோ. வாற சனிக்கிழமை செலக்ஷன் முடிஞ்சிடும். அதுக்குப் பிறகு நான் ரெஸ்ட் எடுக்கிறன். ப்ரொமிஸ்."

"எவ்வளவு நாளா நோகுது?"

"கொஞ்ச நாளா."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

இல்லை என்று தலையாட்டினாள். "அம்மா எனக்காக எவ்வளவு ஷிப்ட் மாத்தினவ தெரியுமோ? நான் இப்ப போய் ஏலாதெண்டு சொல்லுறதோ?"

நான் அவளுக்குத் தகப்பனும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. மேசைக்கு அடியில் இரண்டு தட்டு வைக்க வந்தவன். ஆனால் அந்த மண்டபத்தில் வேலை செய்யும் பெரியவர்கள் எல்லோருக்கும், பிள்ளைக்குக் காயம் என்று கண்டால் சொல்லியே ஆக வேண்டும் என்ற கடமை இருந்தது. அது இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

"மறைக்க மாட்டன், பிள்ளை. மோரீனுக்கு இண்டைக்கே தெரிய வேணும். உனக்குப் பின்னால போய்ச் சொல்லுறதும் எனக்கு விருப்பமில்லை. நீயே போய்ச் சொல்லு. நான் பக்கத்தில நிக்கிறன்."

"நீங்க என்னட்ட இருந்து எல்லாத்தையும் பறிக்கிறீங்கள்."

அவள் அழவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு என்னைத் தாண்டி மண்டபத்துக்குள் நடந்தாள்.

மோரீன் பாய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஆரணி ஆங்கிலத்தில், மிகச் சின்னக் குரலில், "எனக்கு மணிக்கட்டு நோகிறது" என்றாள். மோரீன் அவள் கையை எடுத்தார். பெருவிரலின் அடியில், மணிக்கட்டோடு சேரும் இடத்தில் இருக்கும் சின்னக் குழியில் தன் விரலை வைத்து மெதுவாக அழுத்தினார். ஆரணி வலது கையால் அவர் தோளை இறுக்கிப் பிடித்தாள். மோரீன் விரலை எடுத்துவிட்டு, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

"இந்தக் கையோடா அந்த மூன்று வால்ட்டும் செய்தாய்?"

"ஓம்" என்றாள் ஆரணி. தமிழில் சொன்னதை அவள் கவனிக்கவில்லை. மோரீனுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த நேரம் வதனி வந்தார். கிளினிக் சீருடையோடு, கையில் கார்ச் சாவி. மோரீன் நடந்ததையும், நான் ஆரணியோடு வந்து நின்றதையும் சொல்லி, மறுநாளே ஸ்கேன் எடுக்க வேண்டும், தேர்வுக்குப் போக முடியாது என்றார். வதனி என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, நீங்கள் மேசையைப் பாக்க வந்தனீங்களோ, என்ர பிள்ளையின்ர கையைப் பாக்க வந்தனீங்களோ?"

"மேசையைத்தான்."

"அப்ப மேசையோட நிண்டிருக்கலாம். வாற சனிக்கிழமை தேர்வு. முடிஞ்சாப் பிறகு சொல்லியிருக்க ஏலாதோ?"

"ஏலாது, தங்கச்சி."

"உங்களுக்கென்ன, உங்கட ஆராய்ச்சி முடிஞ்சால் போய்விடுவியள். நாங்கள்தான்..."

ஆரணி இடையில் புகுந்தாள். "அம்மா, அங்கிள் சொல்லேல்லை. நான்தான் கோச்சிட்டச் சொன்னனான்."

வதனி மகளைப் பார்த்தார். பிறகு குனிந்து, அவளுடைய ஜாக்கெட்டின் ஸிப்பைப் பூட்டிவிட்டார். இருவரும் போனார்கள். நான் பெட்டியை ஆய்வுகூட வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன்.

5. பிறகு நடந்தவை

மணிக்கட்டின் சின்ன எலும்பு ஒன்றில் மயிரளவு வெடிப்பு. இரத்த ஓட்டம் குறைந்த எலும்பு அது, எளிதில் பொருந்தாது. இன்னும் சில தடவை அந்தக் கையில் விழுந்திருந்தால் எலும்பு இரண்டாகி, சத்திரசிகிச்சை செய்து ஆணி வைக்க வேண்டி வந்திருக்கும் என்று ஸ்கேனைப் பார்த்த டொக்டர் சொன்னதாக மோரீன் மூலம் அறிந்தேன். கையைப் பிளாஸ்டரில் போட்டார்கள். தேர்வு அவள் இல்லாமல் நடந்தது. அந்த வருட அணியில் அவள் இல்லை. அடுத்த வருட அணியிலும் இல்லை. இதை மென்மையாக்கிச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

இடது மலை தாழ்ந்ததை அறிந்ததும் மோரீன் ஆய்வை நிறுத்தப் பார்த்தார். ஆய்வுகூடத்துக்கே வந்து வித்யாவிடம் நேராகக் கேட்டார். "என்னுடைய பிள்ளையின் கையில் என்ன நடக்கிறது என்று உங்கள் பெட்டிக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. இது எந்த விதத்தில் நியாயம்?" வித்யா தன் விதியை விட்டுக்கொடுக்கவில்லை. மோரீன் தன் கோபத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பேரும் சொன்னது சரி. கடைசியில் இப்படி முடிவானது. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் அளவீட்டை அந்த ஜிம்னாஸ்டுக்கே காட்டுவது. அதைப் பயிற்சியாளருக்குக் காட்டலாமா என்பதை அவளும் பெற்றோரும் முடிவு செய்வது. காயம் என்று சந்தேகம் வந்தால் மட்டும் யாரையும் கேட்காமல் சொல்வது. பெரும்பாலான பிள்ளைகள் அன்றே மோரீனைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். எங்கள் அளவீடுகளை வைத்து மெத்தையின் உள்ளே ஓர் அடுக்கு மாற்றப்பட்டது. இப்போது அந்தக் கிளப்பில் அந்த மெத்தைதான் இருக்கிறது.

வதனியை ஒரு தடவை ரெய்னர்ஸ் லேனில் ஒரு மரக்கறிக் கடையில் கண்டேன். என்னைக் கண்டுகொண்டார். "கை இப்ப பரவாயில்லை அண்ணை" என்றார். அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.

பிளாஸ்டர் எடுத்துச் சில மாதங்களின் பின் ஆரணி எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தாள். பாடசாலையில் பௌதிகவியல் செயற்திட்டம் ஒன்றுக்குத் தன் அளவீடுகள் வேண்டும் என்றாள். வாரத்தில் ஒரு நாள் கிளப்புக்குப் போகிறாளாம், போட்டிக்காக இல்லை. நான் அவளுடைய இரண்டு வரைபுகளை அச்சிட்டு மேசையில் வைத்தேன். ஒன்று இடது மலை தாழ்ந்தது. மற்றது அந்தக் கடைசி நாளின் சமமான மலைகள்.

நெடுநேரம் பார்த்தாள். பிறகு சமமாக இருந்ததன் மேல் விரலை வைத்தாள்.

"இதுதான் அங்கிள் நொந்தது."

"மற்றது?"

"அது நோகேல்லை. அதில நான் கையைக் காப்பாத்திக்கொண்டு செய்தனான். இதில நீங்க பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள் எண்டு முழுப் பாரத்தையும் போட்டனான். கண்ணுக்குள்ள பூச்சி பறந்தது."

தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

சரிந்த வரைபில் அவளுடைய உடம்பு சரியாக வேலை செய்துகொண்டிருந்தது. சமமான வரைபில்தான் எலும்பு வெடித்துக்கொண்டிருந்தது. அந்த இரண்டையும் அவளுடைய சம்மதத்தோடு பெயர் எண் எதுவும் இல்லாமல் எடுத்து வைத்திருக்கிறேன். எங்கள் ஆய்வுகூடத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் முதலில் அவற்றைக் காட்டி, எதில் காயம் என்று கேட்பேன். இதுவரை எல்லோரும் சரிந்ததையே காட்டியிருக்கிறார்கள். நானும் அதைத்தான் காட்டியிருப்பேன். பிறகு அவர்களை மண்டபத்துக்குக் கூட்டிப்போய், தட்டுகளைப் பொருத்துவதற்கு முன் ஜிம்னாஸ்ட் ஒவ்வொருவரிடமும் போய் ஒரு கேள்வி கேட்கச் சொல்வேன். இன்றைக்கு எங்கே நோகிறது? பதிலைக் கேட்டு முடித்த பிறகுதான் கருவியைப் போடலாம்.